தாய்வழி வந்தது

புதுக்கோட்டை ராஜ்யம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம்தான் சொர்ணவல்லிக்குக் கல்யாணம் ஆனது. பிறந்த ஊர் கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே, முந்திரிக்காட்டை ஒட்டி. வாழப்போன ஊர் நார்த்தாமலைக்குப் பக்கம். மாப்பிள்ளை உடையப்பனுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல்வயல், மேட்டில் கடலைக்கொல்லை, சொந்தமாக ஒரு வண்டி மாடு. குறை சொல்ல முடியாத இடம்.

ஆனால் பிறந்த ஊரில் ஒரு பேச்சு இருந்தது. சொர்ணவல்லியின் சொந்த அத்தைக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான். முறைப்பெண் இருக்கும்போது அத்தை வீட்டார் ஒரு தடவைகூடப் பெண் கேட்டு வரவில்லை. சொர்ணவல்லியின் அம்மா மருதாயியும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "தூரத்துல குடுத்தாத்தான் மரியாதை" என்று மட்டும் சொன்னாள். சொர்ணவல்லிக்கும் அத்தை மகன்மேல் பெரிய ஆசை எதுவும் இல்லாததால் அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மருதாயிக்கு ஐந்து பிள்ளைகள். மூத்த இரண்டும் ஆண். இரண்டும் சின்ன வயதிலேயே போய்விட்டன. அப்போது குடும்பம் ஜெகதாப்பட்டினம் பக்கம் இருந்தது. அம்மை வாரிக்கொண்டு போய்விட்டது என்றும், அந்த மண்ணே வேண்டாமென்று அப்பா இங்கிட்டு வந்துவிட்டார் என்றும் சொல்லித்தான் சொர்ணவல்லி வளர்ந்தாள். அந்த இருவருக்கும் இளையவர்கள் அண்ணன் அழகுமலை, அவள், கடைசியாகத் தங்கச்சி செவந்தி. அப்பா சொர்ணவல்லி கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார்.

சொர்ணவல்லிக்கு முதலில் பெண். பொன்னுத்தாய் என்று மாமியார் பேர் வைத்தாள். இரண்டாவது பையன். ஆவுடையார்கோயில் சாமிக்கு வேண்டிக்கொண்டதாக மருதாயி சொன்னதால் ஆத்மநாதன் என்று பேர். கொழுகொழுவென்று இருந்தான். தவழ ஆரம்பித்ததும் முழங்காலில் நீலம் பாரித்தது. எழுந்து நடந்து, விழுந்து எழுந்தபோது நெற்றியில் புடைத்தது வடிய வாரக்கணக்கு ஆனது. மாமியார் ஒருநாள் பையனின் தொடையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "புள்ளையக் கிள்ளுறியா?" என்று கேட்டாள். சொர்ணவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த தடவை மருதாயி வந்தபோது அதைச் சொல்லி, பையனின் தொடையைக் காட்டினாள்.

"பூ மாதிரி மேனி. அப்புடித்தான் இருக்கும். ஓடியாட விடாத, மடியிலயே வச்சுக்க" என்றாள் மருதாயி. பேரனின் தொடையை அவள் பார்க்கவில்லை.

காது குத்துவதற்கு மாமியார் அவசரப்பட்டாள். மருதாயி ஒரு வருஷம் பயிர் சரியில்லை என்றாள். மறுவருஷம் அழகுமலைக்கு உடம்பு சரியில்லை என்றாள். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. மூன்றாவது வருஷம் உடையப்பனே நேரில் போய், "மச்சான் மடி குடுக்க மாட்டேன்னா சொல்லச் சொல்லுங்க, நான் வேற வழி பாத்துக்கிறேன்" என்று கோபமாகப் பேசிவிட்டு வந்தான். அதன் பிறகு நாள் குறித்தார்கள். நார்த்தாமலை மாரியம்மன் கோயிலில், பங்குனித் திருவிழாவுக்கு முந்தின வாரம்.

அழகுமலை சீர்த்தட்டோடு வந்தான். முடி இறக்கி, சந்தனம் பூசி, பையனை மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். அழகுமலைக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. வெயில் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆசாரி கம்பியை ஏற்றினார். பையன் வீறிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்து, மிட்டாயை வாயில் திணித்தார்கள். மற்றக் காதையும் குத்தினார்கள்.

ரத்தம் சொட்டியது. ஆசாரி மஞ்சளை அப்பினார். மஞ்சள் நனைந்து கழுத்து வழியே ஒழுகியது. அப்போது மருதாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, இடுப்பு மடியிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே பொடித்த படிகாரம். இரண்டு காதிலும் வைத்து அழுத்திப் பிடித்தாள். எங்க ஆத்தாவுக்கு எவ்வளவு முன்யோசனை என்று சொர்ணவல்லி அப்போது பெருமையாக நினைத்தாள்.

பந்தி முடியும்வரை படிகாரம் தாங்கியது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி கசிந்தது. மறுநாளும் நிற்கவில்லை. பையன் வெளுத்து, தலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிடந்தான். பஸ் பிடித்துப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மருதாயியும் கூடவே போனாள்.

டாக்டர் கம்பியைக் கழற்றிக் கட்டுப்போட்டார். உடையப்பனின் ரத்தம் பொருந்துகிறதா என்று பார்த்து, எடுத்துப் பையனுக்கு ஏற்றினார். ரத்தம் உள்ளே போகப் போகக் காதில் கசிவு மட்டுப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு அவர் சொர்ணவல்லியிடம் கேட்டார்.

"ரத்தம் நிக்காத வியாதி ஒங்க வீட்டுல யாருக்காவது உண்டாம்மா? ஒங்க அண்ணன் தம்பி? தாய்மாமன்?"

"இல்லீங்க. எனக்கு மூத்தவங்க ரெண்டு பேரு செத்துட்டாங்க. அது அம்மை வந்துங்க."

டாக்டர் மருதாயியைப் பார்த்தார். "அப்படித்தானா, பெரியம்மா?"

"ஆமாங்கய்யா. அம்மைதான். ஆத்தா எடுத்துக்கிட்டா" என்றாள் மருதாயி. குரலில் நடுக்கம்கூட இல்லை.

"இன்னொரு தடவை இப்படி வந்தா இங்க நேரம் கடத்தாம திருச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த ஆவணியில் செவந்திக்குத் திருமயம் பக்கம் கல்யாணம். நிச்சயம் ஏற்கெனவே ஆகியிருந்தது. கல்யாணம் நன்றாக நடந்தது.

ஆத்மநாதன் பள்ளிக்கூடம் போனான். அம்மா சொன்னதைக் கேட்டு சொர்ணவல்லி அவனை மரம் ஏறவிடவில்லை, கண்மாயில் குதிக்கவிடவில்லை. சிலேட்டில் மாடு வரைவதில் கெட்டிக்காரனாக இருந்தான். மாட்டுக்கு எப்போதும் கண் இமைகூடப் போடுவான். ஒருநாள் பால்பல் ஒன்று ஆடியது. நாக்கால் அதைத் தள்ளித் தள்ளி அப்பாவிடம் காட்டினான். உடையப்பன் சிரித்துக்கொண்டே ஒரு நூலைக் கட்டி வெடுக்கென்று இழுத்தான். பல்லைக் கூரைமேல் எறிந்துவிட்டு அப்பனும் மகனும் கை தட்டினார்கள்.

ரத்தம் நிற்கவேயில்லை. பாதியை விழுங்கிவிட்டுக் கறுப்பாக வாந்தி எடுத்தான். திருச்சிக்குப் போனார்கள்.

அங்கே இருந்த டாக்டர் நடு வயதுக்காரர், பொறுமையாகப் பேசுகிறவர். பையனின் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயிலும் சொர்ணவல்லியின் ரத்தத்தை இன்னொன்றிலும் எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டையும் சாய்த்துக் காட்டினார். அவளுடையது தயிர் மாதிரி உறைந்து நின்றது. பையனுடையது தண்ணீர் மாதிரி ஓடியது.

"ரத்தத்தை உறைய வைக்கிற ஒரு பொருள் இவன் உடம்பில் ஊறவில்லை" என்றார். "அதை ஊறச் செய்கிற சேதி தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும். பொம்பளைப் பிள்ளைக்கு அந்தச் சேதி இரண்டு. தாய் ஒன்று கொடுப்பாள், தகப்பன் ஒன்று கொடுப்பான். ரெண்டு திரி போட்ட விளக்கு மாதிரி. ஒண்ணு அணைஞ்சிருந்தாலும் இன்னொண்ணு எரியும், வெளியே தெரியாது. ஆம்பளைப் பிள்ளைக்கு ஒரே திரிதான், அதுவும் தாய் கொடுக்கிறது மட்டும்தான். தாயிடம் ஒண்ணு நல்லது ஒண்ணு கெட்டது இருந்தால், மகனுக்கு எது போகும்னு யாராலும் சொல்ல முடியாது. பூவா தலையாதான். மகளுக்கும் அப்படித்தான், ஆனா அவளுக்கு வெளியே தெரியாது."

"அப்ப நான்தான் குடுத்தேனா?" என்றாள் சொர்ணவல்லி.

"கொடுத்தீங்கன்னு சொல்லக்கூடாது. ஒங்க அண்ணன் தம்பியில யாராவது இப்படி இறந்திருக்காங்களா?"

"இல்லீங்க. ரெண்டு பேரும் அம்மையில போனவங்க."

டாக்டர் யோசித்தார். "அப்படின்னா இது புதுசா வந்திருக்கலாம். சில சமயம் அப்படி வரும். கோலம் போடும்போது ஒருத்தி கை தவறி ஒரு புள்ளியை விட்டுடுறா. அவ கோலத்தைப் பார்த்துப் போடுறவங்க எல்லாரும் அந்தப் புள்ளியை விட்டுத்தான் போடுவாங்க. உயிர்கள் இத்தனை தினுசா இருக்கிறதே இந்தத் தவறுதலாலதான். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. சிலது நல்லதுக்கும் ஆகும். இது நல்லதுக்கு ஆகலை. இதில் யார் பேர்லயும் குத்தம் இல்லை."

ரத்தம் ஏற்றினார்கள். நின்ற மாதிரி இருந்தது, பிறகு மறுபடி ஒழுகியது. வெள்ளிக்கிழமை காலையில் ஆத்மநாதன் போய்விட்டான்.

வாடகைக் காரில் ஊருக்குக் கொண்டு வந்தார்கள். சேதி கேட்டு மருதாயியும் அழகுமலையும் வந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு அழுதார்கள். மருதாயி பேரன் தலைமாட்டில் விழுந்து மாரடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள்.

"ஆவுடையார்கோயில் சாமி பேரு வச்சும் அந்தச் சாமி பாக்கலியே... பல்லு விழுந்து போனானே என் பெரியண்ணன், முள்ளுக் குத்திப் போனானே என் நல்லதம்பி, ரத்தம் நிக்காத வழியில ரெண்டு பேரு போனது போதாதுன்னு நீயும் போனியா என் ராசா..."

கூட அழுத பெண்கள் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். மருதாயி கண்ணை மூடிக்கொண்டு அதையே மறுபடி பாடினாள். என்ன சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பெரியண்ணன், நல்லதம்பி என்பவை சொர்ணவல்லியின் செத்துப்போன அண்ணன்களின் பெயர்கள். பல்லு விழுந்து, முள்ளுக் குத்தி. அம்மையில் இல்லை.

சொர்ணவல்லிக்கு அழுகை நின்றுவிட்டது. வாசலில் நின்ற ஆண்களுக்கும் அது கேட்டிருந்தது. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற உடையப்பன் உள்ளே பார்த்தான். அவன் பார்த்தது மாமியாரை அல்ல, அவளை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் கேட்டான். "தெரிஞ்சேதான் என் தலையில கட்டுனீங்களா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. ஆஸ்பத்திரியில நான் சொன்னதக் கேட்டீங்கள்ல?"

"கேட்டேன். தாயும் மகளும் ஒரே மாதிரி சொன்னீங்க." அவன் தன் வலது கையைப் பார்த்தான். "நூலக் கட்டி இழுத்தது நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா?"

அன்றிலிருந்து அவன் சாப்பாடு வேண்டுமென்றால், "பொன்னுத்தாயி, சோறு வைக்கச் சொல்லு" என்பான். அவள் எதிரிலேயே நிற்கும்போதும் அப்படித்தான். அடிக்கவில்லை, விரட்டவில்லை. நம்பவும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவள் பொய் சொல்லவில்லை என்பதை நிரூபிக்க அவளுக்கு எந்த வழியும் இல்லை.

சொர்ணவல்லி தனியாகப் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போனாள். மருதாயி முந்திரிக்கொட்டை காய வைத்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள்.

"உக்காருத்தா" என்றாள் சொர்ணவல்லி. "படிகாரத்தப் பொடிச்சு மடியில முடிஞ்சுக்கிட்டு வந்தியே, அன்னைக்கே ஒனக்குத் தெரியும்."

மருதாயி உட்கார்ந்தாள். "இருக்கும்னு பயந்தேன். இருக்காதுன்னும் நெனச்சேன். அழகுமலைக்கு ஒண்ணும் இல்லையே, அந்த மாதிரி இவனுக்கும் இருக்காதுன்னு."

"ஆசாரி கம்பிய எடுத்தப்பவாவது வாயத் தெறந்தியா? டாக்டரு ஒன் மொகத்தப் பாத்துக் கேட்டாரே."

"செவந்திக்கு நிச்சயம் ஆயிருந்துச்சு, தாயி. ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தா ஒன் மாமியா காதுக்குப் போயிருக்கும். நிச்சயம் நின்னிருக்கும். ஒன்னக் கட்டிக் குடுத்தப்பவும் அதத்தான் நெனச்சேன். ஒங்க அத்தைக்குத் தெரியும், அதான் அவ ஒன்னக் கேக்கல. ஊரு பூரா தெரிஞ்சிருந்தா ஒங்க ரெண்டு பேரையும் எவன் கட்டுவான்? எங்க மாமன் ஒருத்தரும் இப்புடித்தான் போனாரு. எங்காத்தா என்கிட்டச் சொல்லாமத்தான் கட்டிக் குடுத்தா."

"செவந்திக்காக என் புள்ளையக் குடுத்துட்டியாத்தா?"

மருதாயி முகத்தைப் பொத்திக்கொண்டாள். கொல்லைப்பக்கமிருந்து அழகுமலை வந்து நின்றான். நல்லதம்பி செத்தபோது அவனுக்கு விவரம் தெரிகிற வயது. சொர்ணவல்லி அவனை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஒன் மடியிலதானண்ணே வச்சுக்கிட்டிருந்த?"

"ஆத்தா என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா சொர்ணம்" என்றான் அவன். சொர்ணவல்லி தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள்.

மருதாயி வாசல்வரை ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "செவந்தி முழுகாம இருக்கா. அவகிட்டச் சொல்லிப்புடாத. கும்புடுறேன்."

அதைக் கேட்டதால்தான் சொர்ணவல்லி ஊருக்குப் போகாமல் நேரே திருமயத்துக்குப் போனாள். செவந்தியைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பிறப்பது பையனாக இருந்தால் காது குத்த வேண்டாம், பல்லைத் தொட வேண்டாம், டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு என்றாள்.

செவந்தி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "ஒன் புள்ள போயிட்டான்னு என் புள்ளையும் போகணுமாக்கா? வயித்துப் புள்ளக்காரி முன்னாடி இப்புடி வந்து பேசுறியே, ஒனக்கு எப்புடி மனசு வந்துச்சு?"

செவந்திக்குப் பையன் பிறந்தான். தவழ்ந்தான், விழுந்தான், ஒரு நீலமும் பாரிக்கவில்லை. மூன்று வயதில் ஊரைக் கூட்டிக் காது குத்தினார்கள், சொர்ணவல்லியைக் கூப்பிடவில்லை. ஆசாரி கையை எடுப்பதற்குள் ரத்தம் நின்றுவிட்டதாகச் சேதி வந்தது. டாக்டர் சொன்ன பூவா தலையாவில் செவந்தி பக்கம் பூ விழுந்திருக்கிறது என்று சொர்ணவல்லிக்குப் புரிந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் ஊருக்கு அதெல்லாம் தெரியுமா? அக்கா வந்து ஏதோ ஆகாததைப் பேசிவிட்டுப் போனாள் என்று மட்டும் செவந்தி சொல்லியிருந்தாள். தங்கச்சி பிள்ளையைப் பார்த்துப் பொறாமையில் கதை கட்டியவள் என்று பேர் வந்தது. மாமியார் செத்த வீட்டில்கூட இரண்டு பெண்கள் அதை அவள் காதுபடப் பேசினார்கள்.

இப்படியே வருஷங்கள் போயின. உடையப்பனுக்கும் அவளுக்கும் வேறு பிள்ளை இல்லை. பொன்னுத்தாய் எட்டாவது வரை படித்துவிட்டு, கடலை பறிக்கவும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொடுக்கவுமாக வளர்ந்தாள். கீரனூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ரைஸ்மில்லில் டிரைவர். பெண் பார்க்க வருவதற்கு முன்தினம், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, உடையப்பன் அவளிடம் நேராகப் பேசினான்.

"அவங்க கேட்டாச் சொல்லு. கேக்காட்டி ஒன் வாயத் தெறக்காத."

சொர்ணவல்லி அவனையே பார்த்தாள். "ஒங்ககிட்டச் சொல்லாம விட்டாங்கன்னுதான் இத்தன வருஷமா என்கூடப் பேசாம இருக்கீங்க."

"அது வேற. இது நம்ம பொண்ணு."

எங்க ஆத்தாவும் இதைத்தான் சொன்னாள் என்று அவளுக்குத் தோன்றியது. வாக்குவாதம் செய்யவில்லை.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். பொன்னுத்தாய் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவு ஓரமாக நின்றாள். பையனின் அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. பூ வாங்கி வந்திருந்தார்கள், வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார்கள். சொர்ணவல்லி குறுக்கே வந்து உட்கார்ந்தாள்.

"அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணுங்க. என் மகன் ரத்தம் நிக்காம செத்தான். என் அண்ணனுங்க ரெண்டு பேரும் அப்புடித்தான். அது பொம்பளைங்க வழியா வர்றதுன்னு டாக்டரு சொன்னாரு. இவளுக்கு இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். இவளுக்கு ஒண்ணும் செய்யாது. பொறக்கிற ஆம்பளப் புள்ளைக்கு வரலாம். தெரிஞ்சுக்கிட்டுப் பூ வைங்க."

பையனின் அம்மா பூவை மடியில் வைத்துக்கொண்டாள். "ஊருக்குப் போய்ச் சேதி சொல்லி விடுறோங்க" என்றார் பையனின் அப்பா, மரியாதையாகவே. அவர்கள் போனதும் உடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டான்.

பொன்னுத்தாய் உள்ளேயிருந்து வந்தாள். அவள் அழவில்லை.

"எனக்கு இருக்கலாம்னு ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"தம்பி செத்ததுலேர்ந்து."

"எட்டு வருஷமா என் மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்திருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. யாரோ ரோட்டுல போறவங்ககிட்டச் சொல்ற. நானே இப்பத்தான் கதவு ஓரமா நின்னு கேக்குறேன். ஒங்க ஆத்தா ஒன் கழுத்த அறுத்தான்னு அழுதியே, நீ எனக்கு என்னத்த செஞ்ச?"

சின்னப் பெண், பயந்துபோவாள், இன்னும் கொஞ்ச நாள் கழித்துச் சொல்லலாம் என்று சொர்ணவல்லி தள்ளிப்போட்டதுதான். அது தன் அம்மா செய்ததற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அவள் பார்க்கவேயில்லை. "தப்புதான், தாயி" என்றாள். பொன்னுத்தாய் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கீரனூரிலிருந்து சேதி வரவில்லை.

அடுத்த சித்திரையில் ஒருநாள் காலையில் செவந்தி வந்து வாசலில் நின்றாள். இடுப்பில் அவளுடைய இரண்டாவது பையன். இவனைச் சொர்ணவல்லி பார்த்ததேயில்லை. முழங்கால் பானை மாதிரி வீங்கியிருந்தது. தொட்டால் அலறினான். கன்னத்தில் பழைய நீலம் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றாள் செவந்தி.

சொர்ணவல்லி சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். பொன்னுத்தாய் தானும் வருவதாகச் சொன்னாள். மூன்று பேருமாகத் திருச்சி பஸ் ஏறினார்கள்.

அந்தப் பழைய டாக்டர் இல்லை, வேறு ஒருவர். அவர் கேட்பதற்கு முன்பே சொர்ணவல்லி முழுவதையும் சொன்னாள். அண்ணன்கள், அம்மாவின் மாமன், தன் மகன். டாக்டர் ஒரு தாளில் பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமுமாகப் போட்டுக் கோடு இழுத்துக்கொண்டே வந்தார். "இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லைம்மா. வெறும் கட்டின்னு நெனச்சு முழங்காலை அறுத்துடாம வைத்தியம் பார்க்க இது போதும்" என்றார். மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, அசைக்காமல் வைத்து ரத்தம் ஏற்றினால் வீக்கம் வடியும் என்றார். அப்படியே வடிந்தது.

கிளம்புகிற அன்று பொன்னுத்தாய் டாக்டரிடம் தனியாகக் கேட்டாள். "எனக்கு இருக்காங்க?"

"அதைச் சோதிச்சுச் சொல்ல இன்னும் வழி இல்லைம்மா. இருக்கிறதுக்கும் இல்லாததுக்கும் சரிபாதி வாய்ப்பு. ஒனக்குப் பையன் பிறந்தாத்தான் தெரியவரும். அப்பவும் நல்ல பையன் பிறந்தா இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

"சரிங்க" என்றாள் அவள்.

புதுக்கோட்டையில் இறங்கித் திருமயம் பஸ்ஸுக்கு நிற்கும்போது செவந்தி அக்காவின் முந்தானையைப் பிடித்தாள். "வீட்டுல வண்டியிலேர்ந்து விழுந்துட்டான்னுதான் சொல்லிருக்கேன். அப்புடியே இருக்கட்டும்க்கா. இவனோட அப்பா தங்கச்சி மகள மூத்தவனுக்குன்னு பேசி வச்சிருக்காங்க. தெரிஞ்சா அம்புட்டும் போயிடும்."

"மூத்தவன் நல்லா இருக்கான். அவன்கிட்டேர்ந்து யாருக்கும் போகாது, டாக்டரே சொன்னாரு. அதச் சொல்லு."

"அதெல்லாம் யாருக்கு வெளங்கும்?"

திருமயம் பஸ் வந்ததும் சொர்ணவல்லியும் அதில் ஏறி உட்கார்ந்தாள். பொன்னுத்தாயும் ஏறினாள். வரவேண்டாம் என்று செவந்தியால் சொல்ல முடியவில்லை.

வீட்டில் செவந்தியின் புருஷன் பையனை வாங்கிக்கொண்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். செவந்தி அக்காவைப் பார்த்தாள். சொர்ணவல்லி தங்கச்சியே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"விழுந்ததுல ரத்தம் கட்டியிருந்துச்சாம். சரியாப்போச்சு" என்றாள் செவந்தி.

"இல்ல சித்தப்பா" என்றாள் பொன்னுத்தாய்.

அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். நின்றபடி, குரல் உயர்த்தாமல் சொன்னாள். தன் தம்பி எப்படிச் செத்தான், தனக்கும் இருக்கலாம், மூத்தவனுக்கு ஏன் பயமில்லை, சின்னவனுக்கு என்னென்ன செய்யக்கூடாது. அவர் பையனை இறக்கி விடாமலேயே கேட்டார். பிறகு செவந்தியைப் பார்த்து, "இதத்தான் அன்னைக்கு ஒங்க அக்கா வந்து சொன்னாங்களா?" என்றார். செவந்தி அழ ஆரம்பித்தாள்.

"குடும்பத்தோட வந்து என் குடியக் கெடுத்துட்டீங்க. இனி என் வாசப்படி மிதிக்காதீங்க" என்று அவள் சொன்னதுதான் அக்காவிடம் பேசிய கடைசிப் பேச்சு.

குடி ஒன்றும் கெடவில்லை. அவள் புருஷன் சில மாதம் முகம் கொடுக்காமல் இருந்தார். மூத்தவனுக்குப் பேசியிருந்த பெண்ணை அவர் தங்கச்சி வேறு இடத்தில் கொடுத்துவிட்டாள். சின்னவனை மட்டும் அவரே பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு, வாத்தியாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். அவன் பிழைத்தான். ஒரு கால் கொஞ்சம் மடங்காது. செவந்திக்கு ஆறவில்லை. மருதாயி சாகும்வரை அந்த வீட்டில்தான் இருந்தாள். பெரிய மகளைப் பற்றி இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்களோ, யாருக்கும் தெரியாது.

பொன்னுத்தாய்க்கு அதற்குப் பிறகு இரண்டு வரன் வந்தது. இரண்டு பேரிடமும் அவளே சொன்னாள். முதலாமவர் எழுந்து போனார். இரண்டாவதாக வந்தவன் அறந்தாங்கியில் பஸ் கண்டக்டர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆஸ்பத்திரி ரூட்டுலதான் என் வண்டி ஓடுது" என்று சொன்னான். கல்யாணம் நடந்தது.

தாலி கட்டி முடிந்து பஸ் ஏறும்போது பொன்னுத்தாய் அப்பா காலில் விழுந்து கும்பிட்டாள். அம்மா காலிலும் விழுந்தாள். எழுந்தபோது சொர்ணவல்லி அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள்.

"பொழுதாச்சு, போயிட்டு வாரேன்" என்று பொன்னுத்தாய் முகத்தை விடுவித்துக்கொண்டாள். பஸ் புறப்பட்டதும் உடையப்பன் கடலைக்கொல்லைப் பக்கம் நடந்தான். சொர்ணவல்லி அவனுக்குக் கொஞ்சம் பின்னால், பேச்சைக் கொண்டுபோய்க் கொடுக்க இனி வீட்டில் ஆள் இல்லையே என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.